போர்முனையிலிருந்து ஒரு கடுதாசி

"இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் நலம் அறிய ஆவல்."

பிழைப்புக்காக ஊரை விட்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்த தமிழர்கள் இந்த இரண்டு வரிகளை எத்தனை முறை எழுதியிருப்பார்கள், எத்தனை முறை படித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. நீலநிற இன்லண்ட் கடிதத்தின் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் 'நலம்'தான். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி நின்றாலும் 'நலம்'தான். ஊரில் இருப்பவர்கள் மட்டும் என்ன? கறவை மாடு செத்ததையும் பாட்டிக்குக் கண் மங்கிப் போனதையும் மகன் லீவில் வரும்போதுதான் சொல்வார்கள். "கடுதாசியில் எழுதி உன்னைக் கலங்க வைப்பானேன்" என்பார்கள்.

தூரத்தில் இருப்பவருக்கு உண்மையை முழுதாக எழுத மனம் வராது. எழுதாமலிருக்கவும் முடியாது. சாதாரண காலத்திலேயே இந்தப் பாடு என்றால், யுத்த காலத்தில் குண்டு விழும் இடத்திலிருந்து வீட்டுக்கு எழுதியவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும்? அதிலும் எழுதிய கடிதத்தை வீட்டார் படிக்குமுன் வேறொருவர் பிரித்துப் படிப்பார் என்று தெரிந்திருந்தால்?

முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் தேசத்துப் போர்முனைக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களுக்கு நேர்ந்தது இதுதான்.

கடல் தாண்டிய பட்டாளம்

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. செப்டம்பர் 22-ம் தேதி இரவு ஜெர்மன் கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அதற்கு நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 26-ம் தேதி, இந்தியப் பட்டாளத்தின் முதல் பிரிவுகள் பிரான்சின் மார்செயில்ஸ் துறைமுகத்தில் இறங்கின. வந்தவர்களில் சீக்கியர்கள், பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாணியர், கூர்க்கர்கள், கடுவாலிகள், ராஜபுத்திரர்கள், மராட்டியர்கள் எனப் பலரும் இருந்தனர். சூயஸுக்கு அப்பால் கால் வைத்தே இராதவர்கள் அவர்களில் அநேகர். பனி விழுவதைக் கண்டவர்கள் மலைநாட்டுக்காரர்கள் மட்டும்தான்.

யுத்தம் முடிவதற்குள் பிரான்சுக்கு மட்டும் ஏறத்தாழ 1,40,000 இந்தியர்கள் போனார்கள். மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து, பாலஸ்தீனம் என்று எல்லா முனைகளையும் சேர்த்தால் கடல் கடந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். திரும்பி வராதவர்கள் சுமார் 74,000 பேர்.

காலாட்படைச் சிப்பாய்க்கு அப்போது மாதச் சம்பளம் 11 ரூபாய். அதை நம்பி ஊரில் ஒரு குடும்பம். பதுங்குகுழிச் சேற்றில் நிற்கிறவனுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இடையே இருந்த ஒரே பாலம் தபால்தான். 1915 மார்ச் மாதவாக்கில் பிரான்சிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரம் ஒன்றுக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சொல்ல ஒருவர், எழுத ஒருவர்

1911-ம் வருட ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகள். ஆகவே ஒருவர் சொல்ல, பட்டாளத்தில் எழுத்தறிந்த இன்னொருவர் எழுதுவார். ஊரில் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் வாத்தியாரோ, தபால்காரரோ, பள்ளிக்கூடம் போகும் பையனோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அக்கம்பக்கம் எல்லாம் கூடி நின்று கேட்கும். பதில் எழுதுவதும் இதே மாதிரிதான்.

புருஷனும் பெண்சாதியும் தங்களுக்குள் பேச நினைத்ததெல்லாம் இப்படி இரண்டு மூன்று பேர் வாயையும் கையையும் தாண்டித்தான் போக வேண்டும். கடுதாசி எழுத ஆள் தேடி அலைந்த தாயை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்திய ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் போர்முனைக்கு ஊழியர்களை அனுப்பி வைத்தார்கள். சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது அவர்கள் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று. அந்தச் சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளராக 1916-ல் பொறுப்பேற்ற முதல் இந்தியர் ஒரு தமிழர். சேலத்தில் பிறந்த கே.டி.பால் அவர்.

உறையைப் பிரித்த கைகள்

இத்தனை பேரைத் தாண்டிய பிறகும் கடிதம் நேரே கப்பலேறிவிடவில்லை. முதலில் படைப்பிரிவின் வெள்ளைக்கார அதிகாரி பார்ப்பார். அதன்பின் பிரான்சின் கடற்கரைப் பட்டணமான பூலோனில் இந்தியத் தபாலுக்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. அதன் தலைவர் ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரி. இந்தியாவில் உத்தியோகம் பார்த்து இந்த நாட்டு பாஷைகளைக் கற்றிருந்தவர். உருது, குர்முகி, இந்தி முதலான மொழிகள் தெரிந்த ஒரு சிறு குழு அவரிடம் வேலை பார்த்தது. போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் இருந்த கதர் கட்சிப் புரட்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரங்கள் சிப்பாய்கள் கைக்குப் போய்விடக்கூடாது என்பது அரசாங்கத்தின் முதல் கவலை. பட்டாளத்தின் மனநிலை எப்படி இருக்கிறது, யாராவது முணுமுணுக்கிறார்களா என்று அறிவது அடுத்த நோக்கம்.

வாரத்துக்கு இருபதாயிரம் கடிதங்களை நாலைந்து பேர் வரி விடாமல் படிக்க முடியுமா? முடியாது. கைக்கு வந்ததில் சிலவற்றை எடுத்துப் படிப்பார்கள். ஆட்சேபகரமான வரிகளை அடிப்பார்கள், மிகவும் மோசம் என்று பட்டால் கடிதத்தையே நிறுத்திவைப்பார்கள். குறிப்பிடத்தக்க பகுதிகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, அறிக்கையோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்புவார்கள்.

ஹோவெல் அந்த அறிக்கை ஒன்றில் வினோதமான ஒரு விஷயத்தைக் குறித்தார். சிப்பாய்கள் கடிதத்தில் பாட்டுக் கட்டி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், இது மனம் கலங்கிப் போனதற்கு அடையாளம் என்று அவருக்குப் பட்டது. கவலை மிஞ்சும்போது பாட்டு வரும் என்பதை நம் ஊரில் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்.

மிளகும் மிளகாயும்

கடிதம் பிரிக்கப்படுகிறது என்பது சிப்பாய்களுக்கும் தெரியாமல் இல்லை. "இதற்கு மேல் எழுத அனுமதி இல்லை" என்று வெளிப்படையாகவே சிலர் முடித்திருக்கிறார்கள். வேறு சிலர் மறைபொருளில் எழுதினார்கள்.

கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது, இப்போது சிவப்பு மிளகாயைப் போடுகிறார்கள், ஆனாலும் மிளகுக்கு உள்ள காரம் மிளகாய்க்கு இல்லை என்ற பொருளில் ஒரு சிப்பாய் ஊருக்கு எழுதினார். சமையல் சமாசாரம் போலத் தோன்றும். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம்மவர்கள் செத்துக் குறைந்து போனார்கள், அவர்களை இப்போது இறக்குகிறார்கள், ஆனால் சண்டையில் நம்மவர்கள்தான் கெட்டி என்பதுதான் அதன் அர்த்தம். தணிக்கை அலுவலகம் இதைப் புரிந்துகொண்டது. அதனால்தான் நமக்கும் அது தெரிகிறது.

தம்பியைப் பட்டாளத்தில் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சி எழுதியவர்கள் உண்டு. ஊரில் ஆள் எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம் அது. இப்படிப்பட்ட கடிதம் அதிகாரிகள் கண்ணில் பட்டால் வீடு போய்ச் சேராது. அண்ணன் எச்சரித்தது தெரியாமலே தம்பி போய்க் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும்.

இது சண்டை அல்ல, உலகம் அழிகிற காலம், மகாபாரதத்தில் கேட்டது போன்ற யுத்தம் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். பிணங்களை அறுத்துப் போட்ட கதிர்க் கட்டுகளுக்கு ஒப்பிட்டார்கள். வயல் வேலை செய்தவனுக்குச் சாவைச் சொல்லவும் வயல்தான் துணைக்கு வந்தது.

காயம் ஆறினால்...

காயம் பட்டவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பிரைட்டன் பட்டணத்தில் பழைய ராஜ அரண்மனையையே இந்தியச் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது தனித்தனிச் சமையற்கட்டுகள் வைத்தார்கள். ராஜாவின் மாளிகையில் படுத்திருக்கிறேன் என்று பெருமையோடு ஊருக்கு எழுதியவர்கள் உண்டு. அதிகாரிகள் விரும்பியதும் இப்படிப்பட்ட கடிதங்களைத்தான்.

ஆனால் அந்தப் பெருமை நீடிக்கவில்லை. காயம் பட்டுவிட்டோம், இனி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்தார்கள் சிப்பாய்கள். காயம் ஆறியவர்கள் மறுபடியும் போர்முனைக்கே போக வேண்டும் என்று தெரிந்தபோது அவர்கள் இடிந்து போனார்கள். 1915 தொடக்கத்துக் கடிதங்களில் இந்த ஏமாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தடவை போய்ப் பிழைத்து வந்துவிட்டோம், இரண்டாவது தடவை பிழைக்க முடியாது என்ற பயம் அது.

சிலர் ஊரிலிருந்து சேங்கொட்டை அனுப்பும்படி சாடைமாடையாகக் கேட்டு எழுதினார்கள். வண்ணார் துணிக்குக் குறி போடும் அதே சேங்கொட்டைதான். அதன் பால் பட்டால் தோல் புண்ணாகும். புண் ஆறாமல் இருந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற நப்பாசை. இதையும் தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். 1915 மார்ச்சில் நூவ் சப்பெல் சண்டையில் மூன்றே நாளில் இந்தியப் படையில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தும் காயப்பட்டும் போனார்கள் என்பதை நினைத்தால் அப்படிச் சொல்ல நா எழாது.

மாடும் கடனும் மகளின் படிப்பும்

இத்தனை நடுவிலும் கடிதங்களில் நிறைந்திருந்தது வீட்டுச் சங்கதிதான். வயலில் என்ன விளைந்தது? அடமானம் வைத்த நிலம் மீண்டதா? பங்காளி போட்ட வழக்கு என்ன ஆயிற்று? எருமை ஈன்றதா? தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா? தலைக்கு மேல் குண்டு பறக்கும் இடத்திலிருந்து வரப்புத் தகராறைப் பற்றி விசாரிப்பது விந்தையாகத் தோன்றலாம். அந்த மனிதருக்கு அந்த வரப்புதான் நிஜம். திரும்பிப் போய்ச் சேர வேண்டிய இடம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள அவருக்கு வேறு வழி ஏது?

ஊரிலிருந்து வந்த பதில்களும் அப்படியே. பணம் வந்து சேரவில்லை என்ற புகார், மாமியார் மருமகள் சண்டை, எப்போது வருவாய் என்ற கேள்வி. பெண்கள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியவை அவை.

புதிய நினைப்புகளும் இந்தக் கடிதங்கள் வழியாக ஊருக்குப் போயின. பிரான்சில் ஆண்கள் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட, பெண்களே உழுது, கடை நடத்தி, கணக்கு எழுதியதைச் சிப்பாய்கள் கண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பெண் பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று எழுதினார்கள் சிலர். அங்கேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

ஒரு சிப்பாய் தாம் தங்கியிருந்த பிரெஞ்சுக்கார வீட்டைப் பற்றி எழுதியது மறக்க முடியாதது. வீட்டில் வயதான ஓர் அம்மாள் மட்டும்தான். அவருடைய மூன்று பிள்ளைகளும் யுத்தத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவன் இறந்துவிட்டான். அந்தத் தாய், பாஷை தெரியாத இந்தச் சிப்பாயை மூன்று மாத காலம் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். படுக்கை தட்டிப் போட்டார், காலையில் காப்பி கொடுத்தார். படை புறப்பட்ட நாளில் அவன் தோளில் சாய்ந்து அழுதார். ஊரில் இருக்கும் சொந்தத் தாய்க்கு இதைக் கேட்டு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஒருவேளை எவ்வளவு ஏக்கமாகவும் இருந்திருக்கும்!

வழியில் மூழ்கிய தபால்

மார்செயில்ஸில் கப்பலேறிய தபால் மத்தியதரைக் கடல், சூயஸ், ஏடன் வழியாக பம்பாய் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். யுத்தத்துக்கு முன்பு ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடும் கப்பலிலேயே தபாலைப் பிரித்து அடுக்கும் கடல் தபால் ஆபீஸ் ஒன்று இருந்தது. இன்றைய ஆர்.எம்.எஸ். ஊழியர்கள் ஓடும் ரயிலில் பார்த்த வேலையை, அவர்கள் ஆடும் கப்பலில் பார்த்தார்கள். 1914-ல் யுத்தம் வந்ததும் அது நின்றுவிட்டது.

கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. 1915 டிசம்பர் 30-ம் தேதி, மார்செயில்ஸ், மால்டா வழியாக பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த 'பெர்சியா' என்ற பி. அண்ட் ஓ. கப்பல், கிரீட் தீவுக்குத் தெற்கே தாக்கப்பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒரு கப்பல் மூழ்கினால் அதில் வந்த கடுதாசிகளும் போயின. எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு வீடு தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மகன் எழுதவில்லையா, எழுதியது வரவில்லையா, எழுத அவன் இல்லையா? மூன்றில் எது என்று அந்த வீட்டாருக்கு எப்படித் தெரியும்?

மிஞ்சியது எது?

இப்படியெல்லாம் கடந்து வீடு வந்து சேர்ந்த கடிதங்கள் இன்று எங்கே? பெரும்பாலானவை இல்லை. ஓலைக்கூரை ஒழுகியதிலும், கரையான் அரித்ததிலும், வீடு மாறியதிலும் காகிதம் எத்தனை காலம் தாங்கும்? வைத்திருந்தவர்கள் காலமானதும் அவற்றின் அருமையும் போய்விட்டது.

ஆனால் பூலோனில் சந்தேகக் கண்ணோடு பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து, அறிக்கையில் ஒட்டி அனுப்பிய பகுதிகள் மட்டும் அழியவில்லை. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. டேவிட் ஒமிசி என்ற சரித்திர ஆசிரியர் அவற்றிலிருந்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைத் தொகுத்து 1999-ல் புத்தகமாக வெளியிட்டார். அன்போடு பெற்றுக்கொண்டவர்கள் வீட்டில் அழிந்தது, சந்தேகப்பட்டுப் பிரித்தவர்கள் அலமாரியில் மிஞ்சியது.

பிரான்சில் நூவ் சப்பெல் என்ற இடத்தில், உடல் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைத் தாங்கி 1927-ல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் நிற்கிறது.

தமிழ்நாட்டுச் சிப்பாய்கள் பெரும்பாலும் வேறு முனைகளுக்குப் போனார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நடந்த சண்டையில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-வது காலாட்படை இறங்கியது. மெட்ராஸ் சாப்பர்கள் மெசபடோமியாவின் வெயிலில் பாலம் கட்டினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் பூலோன் மேஜைக்குப் போகவில்லை.

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் யுத்தத்துக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று அது சொல்கிறது. சந்தைக்குப் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். எண்ணிக்கை இருக்கிறது. அந்த 14 பேர் கடைசியாக வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்பதைக் கல் சொல்லாது.

ஊர் பெயர் இல்லாத விலாசம்

அதற்குப் பிறகு எத்தனையோ யுத்தங்கள் வந்து போயின. '56 ஏ.பி.ஓ.', '99 ஏ.பி.ஓ.' என்று முடியும் விலாசம் பட்டாளத்துக்காரர் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பெயர், நம்பர், படைப்பிரிவு, அப்புறம் இந்த எண். ஊர் பெயர் கிடையாது. பையன் லடாக்கில் இருக்கிறானா, ராஜஸ்தான் மணலில் இருக்கிறானா என்று விலாசத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போய்ச் சேரும் அந்தத் தபாலை உரிய முகாமுக்கு அனுப்புவது ராணுவத் தபால் துறையின் வேலை. 1856-ல் பாரசீகப் படையெடுப்போடு போன தபால் ஆபீஸ்தான் இதற்கு ஆரம்பம். 1972 மார்ச் 1-ம் தேதி ராணுவத் தபால் துறை தனிப் பிரிவாயிற்று. 1965, 1971 யுத்தங்களிலும் 1999-ல் கார்கில் மலைமீதும் வீட்டுக் கடுதாசி இப்படித்தான் சிப்பாய் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று கைபேசி வந்துவிட்டது. ஊருக்குத் தினமும் பேசலாம், முகத்தையும் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் பேசிய பேச்சு பேசிய அன்றோடு போய்விடுகிறது.

பலர் வீட்டுப் பரணில் இன்னமும் ஒரு தகரப் பெட்டி கிடக்கும். அதில் கம்பியில் குத்தி வைத்த பழைய இன்லண்டுகளும் போஸ்ட்கார்டுகளும் இருக்கும். அப்பா பம்பாயிலிருந்து அம்மாவுக்கு எழுதியது, தாத்தா பர்மாவிலிருந்தோ பட்டாளத்திலிருந்தோ எழுதியது. அடுத்த தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது அதைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போடுமுன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். "இங்கு அனைவரும் நலம்" என்ற முதல் வரிக்குக் கீழே அவர்கள் எதையெல்லாம் எழுதாமல் விட்டார்கள் என்பது, இத்தனை வருஷம் கழித்துப் படிக்கும்போது, உங்களுக்குப் புரியக்கூடும்.